‘கிரீன் லைட்’ கொடுப்பது எப்போது, எப்படி?

ஒரு வேலையைத் தொடங்க, அதிகாரம் உள்ளவர் சம்மதம் தருவதுதான் ‘கிவ் த கிரீன் லைட்’. நம் ‘பச்சைக்கொடி காட்டுவது’ ஏறக்குறைய இதே. அந்தப் பழக்கத்தில் சிலர் ‘ஷோ த கிரீன் ஃப்ளாக்’ என்று எழுதிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் அது ஒட்டாது. ‘கிரீன் சிக்னல்’ இந்திய ஆங்கிலத்தில் செல்லும். வெளிநாட்டவருக்கு எழுதினால் ‘லைட்’ என்றே போடுங்கள்.

இந்தச் சொற்றொடர், ரயில் சிக்னலிலிருந்து வந்தது. ஆரம்பகால ரயில் பாதைகளில் வெள்ளை விளக்குதான் ‘போகலாம்’. பச்சை வெறும் எச்சரிக்கை. சிவப்புக் கண்ணாடி உடைந்தால் உள்ளிருக்கும் வெள்ளை ஒளியைப் பார்த்து ஓட்டுநர் நிற்காமல் போய்விடுவார். அதனால் பிறகு பச்சையே ‘போகலாம்’ ஆனது.

வாக்கியத்தில் சறுக்குவது ‘த’ விஷயத்தில்தான். ‘காட் கிரீன் லைட்’ தவறு, ‘காட் த கிரீன் லைட்’ சரி. அனுமதி ஆளுக்கு என்றால்: ‘த போர்டு கேவ் அஸ் த கிரீன் லைட் டு ஹயர் டூ டிசைனர்ஸ்’. இங்கே ‘டு’வுக்குப் பின் வினைச்சொல், ‘ஹயரிங்’ என்று நீட்டக் கூடாது. திட்டத்துக்கு என்றால்: ‘கேவ் த கிரீன் லைட் டு த ப்ராஜெக்ட்’, ‘ஃபார்’ போட்டாலும் தப்பில்லை. யாரிடமிருந்து கிடைத்தது என்று சொல்ல ‘ஃப்ரம்’. சினிமா, டிவி செய்திகளில் இதுவே வினைச்சொல்லாகவும் வரும்: ‘த ஸ்டுடியோ கிரீன்லிட் த ஃபிலிம்’. ‘கிரீன்லைட்டெட்’ என்றும் எழுதுவார்கள்.

முடிந்துபோன வேலைக்கு இது பொருந்தாது. எழுதி முடித்த அறிக்கையைப் படித்துவிட்டு மேலாளர் ‘பிரமாதம்’ என்றால் அது ‘தம்ஸ் அப்’. விடுப்புக் கடிதத்துக்கு ‘அப்ரூவ்ட்’ போதும். ஒரு நாள் லீவுக்குப் பச்சை விளக்கு எல்லாம் கொஞ்சம் ஓவர். ‘கோ அஹெட்’ கிட்டத்தட்ட ‘கிரீன் லைட்’டுக்கு ஈடு. ‘ரப்பர் ஸ்டாம்ப்’ பக்கம் மட்டும் போகாதீர்கள்: படித்தே பார்க்காமல் முத்திரை குத்தினார் என்று பொருள். நன்றி சொல்லும் மின்னஞ்சலில் அதை எழுதினால், அனுமதி தந்தவரே முகம் சுளிப்பார்.

ஒப்பந்தம், சட்டக் கடிதம் போன்றவற்றில் ‘அப்ரூவல்’ என்றே இருக்கட்டும். நிபந்தனையோடு வந்த சம்மதத்தையும் ‘கிரீன் லைட்’ என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். படிப்பவர் தடை எதுவும் இல்லை என்று எண்ணி, நிபந்தனை நிறைவேறும் முன்பே வேலையைத் தொடங்கிவிடுவார்.