மரப் படகுக்குப் பஞ்சு அடைப்பது எப்படி? (ஒருமுறை சொதப்பிய பிறகு எழுதியது)

பலகைகளை ஓரத்தோடு ஓரம் சேர்த்துக் கட்டிய படகுக்குத்தான் இந்தச் செய்முறை. பலகை மேல் பலகை ஏறி உட்கார்ந்திருக்கும் படகு என்றால் இதைத் தொடவே வேண்டாம், பஞ்சு அடித்தால் பலகை பிரிந்துகொள்ளும். பலகைகளுக்கு நடுவே உள்ள இடுக்கில் தண்ணீர் புகாதபடி பஞ்சு அடைக்கும் இந்த வேலையைக் கப்பல் வேலைக்காரர்கள் கலப்பத்து என்பார்கள்.

முதலில் கத்தி முனையால் குத்திப் பாருங்கள். மரம் மெத்தென்று உள்ளே வாங்கினாலோ, ஆணி ஆடினாலோ அதைச் சரிசெய்துவிட்டுத்தான் மற்றது.

1. பழையதைச் சுரண்டுவது

வளைந்த கொக்கி உளியால் பழைய பட்டியையும் (பஞ்சின் மேல் இடுக்கை நிரப்பும் பசை) பஞ்சையும் இழுத்து எடுங்கள். மின்ரம்பம் வேண்டவே வேண்டாம். ஒரு நொடி கை நழுவினால் பலகையின் ஓரமே போய்விடும், அதை ஒட்டுப் போட்டுச் சரிசெய்ய ஒரு நாள் ஆகும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், முகமூடி போட்டுக்கொள்ளுங்கள்.

2. ஓரத்துக்கு பிரைமர்

சுத்தமான இடுக்குக்குள் மெல்லிய தூரிகையால் பிரைமர் தடவுங்கள். தடவாவிட்டால் பட்டியில் உள்ள எண்ணெயைக் காய்ந்த மரம் உறிஞ்சிவிடும், பட்டி பொடிந்து உதிரும்.

3. பஞ்சு

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். இடுக்கு வெளிப்பக்கம் விரிந்தும் உள்பக்கம் பலகைகள் ஒட்டியும் இருக்க வேண்டும். 25 மி.மீ. பலகை என்றால் வெளியே 2 மி.மீ. அளவு திறந்திருந்தால் போதும். நான் 'நன்றாக இறுக வேண்டும்' என்று பலம்கொண்ட மட்டும் அடித்தேன். அப்புறம் படகுக்குள் போய்ப் பார்த்தால், வெள்ளைப் பஞ்சு வாலைப்போல உள்ளே தொங்கிக்கொண்டிருந்தது! அந்த வரிசை முழுவதையும் பிடுங்கி மறுபடி அடித்தேன்.

சரியான முறை இது. பஞ்சுத் திரியை இடுக்கின் வாயில் வைத்து, சின்னச் சின்ன மடிப்பாக உளியால் செருகிக்கொண்டே போங்கள். இடுக்கு அகலமான இடத்தில் மடிப்பை நெருக்கமாக வையுங்கள், குறுகிய இடத்தில் இழுத்து விடுங்கள். ஒரு கை நீளம் செருகிய பிறகு திரும்ப வந்து, உளியைக் கொட்டாப்புளியால் (மரச் சுத்தியல்) அடித்துப் பஞ்சை இறக்குங்கள். முதலில் 'தொப் தொப்' என்று கேட்கும், பஞ்சு இறுகியதும் சத்தம் கணீரென்று மாறும். அங்கே நிறுத்துங்கள். பஞ்சு ஏறக்குறைய பாதி ஆழத்தில் நின்றால் போதும், மீதி பட்டிக்கு.

இரும்புச் சுத்தியல் பிடிக்காதீர்கள். கை வலிக்கும், அந்தச் சத்தமும் பிடிபடாது.

பெரிய கப்பல்களில் பஞ்சுக்குப் பதில் பழைய கயிற்றைப் பிரித்தெடுத்த, தார் தோய்ந்த நாரை அடைப்பார்கள். 19-ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் அந்தக் கயிற்றைப் பிரிப்பது சிறைக் கைதிகளின் தலையில் விழுந்த வேலை. விரல் நகமெல்லாம் பிய்ந்துபோகும் வேலை.

4. பட்டி

பஞ்சின் மேல் ஒரு பூச்சு பிரைமர், பிறகு பட்டி. பலகை மட்டத்துக்கு நிரப்பாமல் லேசாகக் குழிவாக விடுங்கள். தண்ணீரில் மரம் ஊதும்போது பட்டி வெளியே பிதுங்க இடம் வேண்டும்.

5. தண்ணீரில் இறக்குவது

ஒழுகும். பயப்படாதீர்கள். பலகை ஊதி இடுக்கு மூடும்வரை படகைத் தூக்கி இறக்கும் பட்டையிலேயே தொங்கவிட்டு பம்பு ஓட்டுங்கள். முதல் இரவு நான் இரண்டு முறை எழுந்து போனேன், மூன்றாம் நாள் பம்பு சும்மா இருந்தது.

பின்குறிப்பு (வாசகர் கேள்விக்குப் பிறகு சேர்த்தது): "பஞ்சு எதற்கு, கல்லாக இறுகும் சீலண்ட் போட்டால் ஆகாதா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். காய்ந்து விரிந்த இடுக்கில் அதை நிரப்பினால், மரம் ஊதும்போது போக இடமில்லை. பலகை ஒன்றையொன்று நெட்டித் தள்ளும், ஆணி பிடுங்கும், உள்ளே வங்குக்கால்கூட (பலகைகளைத் தாங்கும் விலா எலும்பு போன்ற சட்டம்) முறியலாம். இன்னொருவரின் படகு வெகுநாள் வெயிலில் கிடந்ததாம். இடுக்கில் விரல் நுழைகிற அளவு பிளவு என்றார். உடனே பஞ்சைத் திணிக்காதீர்கள். ஈரச் சாக்கு போர்த்தி, சில நாள் தண்ணீர் தெளித்து, எவ்வளவு மூடுகிறது என்று பார்த்துவிட்டுக் கொட்டாப்புளியை எடுங்கள்.