சேர்வராயன் மலை ஓடைகளில் நீர்ப்பூச்சிக் கணக்கெடுப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேர்வராயன் மலையில் தோன்றி, சேலம் நகரின் ஊடே ஓடிக் காவிரியில் கலக்கும் திருமணிமுத்தாற்றின் நலத்தை அறிய, நீரைப் புட்டியில் பிடித்துச் சோதிப்பது மட்டும் போதாது. அந்தச் சோதனை அந்த நேரத்து நீரைக் காட்டுமே தவிர, முந்தைய இரவு வந்து கடந்துபோன கழிவைக் காட்டாது. கற்களுக்கு அடியில் மாதக்கணக்கில் வாழும் பூச்சிகளின் இளம்பருவங்களும் நத்தைகளும் புழுக்களும் அதைக் காட்டிவிடும். ஆயினும், பல ஆண்டுக் கணக்கெடுப்பின் முடிவில், மாறியது ஓடையா அல்லது நாம் கணக்கெடுத்த விதமா என்று பிரித்தறிய முடியாத நிலை வந்துவிட்டால், அத்தனை உழைப்பும் வீணாகும்.

இந்தக் குழப்பத்துக்குப் பெரும்பாலும் வழிவகுப்பது, வசதிப்பட்ட மாதத்தில் ஓடைக்குப் போகும் வழக்கம்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் பெருவெள்ளம் வந்தால், கற்களோடு பூச்சிகளும் அடித்துச் செல்லப்படும். வெள்ளம் வடிந்த மறுநாளே வலை வைத்தால், தூய்மையான ஓடையும் வெறுமையாகத் தெரியும். குறைந்தது இரண்டு வாரமாவது பொறுத்திருப்பது நல்லது. ஏற்காட்டுப் பகுதியில் இன்னொன்றையும் கருத வேண்டும். மழை ஓய்ந்து வரும் மாதங்களில் காப்பி அறுவடை நடக்கும்; பழத்தின் தோலையும் சதையையும் நீக்கிக் கழுவிய நீர் ஓடையில் சேர்ந்தால், அதிலுள்ள சர்க்கரையும் சதையும் அழுகும்போது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறைந்துவிடும். ஆகவே, ஓராண்டு அறுவடைக்கு முன்பும் மறு ஆண்டு அறுவடையின் நடுவிலும் எடுத்த மாதிரிகளை ஒப்பிட்டு, ஓடை ஆண்டுக்கு ஆண்டு சீர்கெடுகிறது என்று எழுதுவது பிழை. இரு காலங்களிலும் எடுக்கலாம். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் இரண்டையும் எடுக்க வேண்டும்.

இடத் தேர்விலும் இதே கவனம் வேண்டும். ஏற்காடு ஏரியின் உபரிநீர் ஓடும் கிளியூர் அருவிப் பக்கத்து ஓடையை, சோலைக்குள் ஊற்றெடுத்து வரும் ஓடையோடு நேராக ஒப்பிடக் கூடாது. ஏரியிலிருந்து மிதந்து வரும் நுண்பாசியை வடிகட்டி உண்ணும் உயிர்கள் அதன் கீழ் ஓடையில் இயல்பாகவே மிகுந்திருக்கும்.

வலையும் கையும் செய்யும் பிழைகள் எளிதில் கண்ணில் படுவதில்லை. அரை மில்லிமீட்டர் கண்ணுள்ள வலையை விட்டு ஒரு மில்லிமீட்டர் வலைக்கு மாறினால், மெல்லிய புழுக்களும் அப்போதுதான் பொரித்த பருவங்களும் நழுவிவிடும். வகைகள் அழிந்துவிட்டதாகக் கணக்கு காட்டும். மாற்றியே ஆக வேண்டுமென்றால், ஓராண்டாவது இரு வலைகளையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் பயன்படுத்திப் பார்த்த பிறகு மாற்றுங்கள். வெள்ளைத் தட்டில் கொட்டியதும், மூன்று வால் இழைகளும் வயிற்றோரம் படபடக்கும் செவுள்களும் கொண்ட மேஃப்ளை என்னும் பூச்சியின் இளம்பருவம் ஓடிக் கண்ணை ஈர்க்கும். மணலை ஒட்டிக் கட்டிய குழாய்க்குள் பதுங்கிய காடிஸ்ஃப்ளை என்னும் பூச்சியின் இளம்பருவமோ, வெறும் குப்பைத் துண்டு போலக் கிடக்கும். ஓடுவதை மட்டும் பொறுக்குபவரின் கணக்கும், ஒவ்வொரு துகளையும் புரட்டிப் பார்ப்பவரின் கணக்கும் ஒன்றாகா. பொறுக்கி முடித்த தட்டை வேறொருவர் மீண்டும் பார்த்து, விடுபட்டவற்றை எண்ணிக் குறிப்பது இதற்கு நல்ல மாற்று.

மாசைத் தாங்காத உயிர்களுக்குக் கூடுதலாகவும் தாங்குபவற்றுக்குக் குறைவாகவும் மதிப்பெண் தந்து நீரின் தரத்தை அளக்கும் பட்டியலை, வேறு நாட்டிலிருந்து அப்படியே கடன் வாங்குவதையும் தவிர்க்க வேண்டும். பிரிட்டனில் உருவான முறையில் ஸ்டோன்ஃப்ளை என்னும் பூச்சிகளின் குடும்பங்கள் பலவற்றுக்கு 10 மதிப்பெண் உண்டு. ஆனால் அவற்றின் வகைகள் தென்னிந்திய மலைகளில் இயல்பாகவே குறைவு. அவை கிடைக்கவில்லை என்பதாலேயே நீர் கெட்டதென்று சொல்ல முடியாது. மேஃப்ளைகளிலும் மாசைத் தாங்கும் வகைகள் உண்டு என்பதால், மேஃப்ளை இருக்கிறது, எனவே நீர் தூய்மை என்பதும் அவசர முடிவே.

கடைசியாக, எண்ணி முடித்ததும் மாதிரிகளை ஆல்கஹால் நிரப்பிய புட்டியில் பாதுகாக்காமல் கொட்டிவிடுவது, என் மதிப்பில் மன்னிக்க முடியாத தவறு. ஒரு பூச்சியின் பெயர் பின்னாளில் திருத்தப்பட்டால், பழைய எண்களைச் சரிபார்க்க அந்தப் புட்டி ஒன்றே வழி. இடம், நாள், எடுத்தவர் பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிப் புட்டிக்குள்ளேயே இடுங்கள். சாதாரணப் பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். மூடி இறுக்கமாக இருந்தாலும் ஆல்கஹால் மெல்ல ஆவியாகும் என்பதால், ஆண்டுதோறும் புட்டிகளைத் திறந்து பார்த்துக் குறைந்ததை நிரப்பும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படையுங்கள்.