நாயோடு கடைக்கு: போகிறவருக்கும் விடுகிறவருக்கும்

கடைக்குள் நாயை விடலாமா என்ற பேச்சு வந்தாலே, "வாயில்லா ஜீவன், பாவம்" என்று ஒரு பக்கமும் "சாப்பிடுற இடத்துல நாயா?" என்று இன்னொரு பக்கமும் நின்றுகொள்கிறார்கள். சண்டை உண்மையில் மூளும் இடம் மேசைக்கு அடியில் இருக்கிறது. நாய் அங்கே அரை மணி நேரம் படுத்துக் கிடக்குமா, வார் எவ்வளவு நீளம், பக்கத்து மேசை எவ்வளவு தூரம்? இந்த மூன்றையும் சரிசெய்துவிட்டால் பாதிப் புகார் காணாமல் போகும். மீதிப் பாதிக்குக் கடைக்காரர் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

முதலில் எங்கே போகலாம் என்பது. சிங்கப்பூரில் உணவுக் கடைகள் சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமத்தில் நடக்கின்றன. வழக்கமான உணவகத்தின் உட்புறத்தில் செல்லப்பிராணிக்கு இடமில்லை. அதற்கென்றே உரிமம் வாங்கி நடத்தும் செல்லப்பிராணிக் கஃபேக்கள் விதிவிலக்கு. வெளியே போட்டிருக்கும் மேசைகளில் வாரோடு உட்கார விடுவது கடைக்காரர் விருப்பம். உணவங்காடி நிலையம், ஈரச்சந்தை, பேரங்காடி எதுவும் கிடையாது. தேக்கா நிலையத்தில் மீன் வாங்கப் போகும் நாளில் நாய் வீட்டில் இருக்கட்டும். துணிக்கடை, புத்தகக் கடை, அறைகலன் கடை போன்றவற்றில் உரிமையாளர் சொல்வதுதான். கடைத்தொகுதிக்குள் இருக்கும் கடை என்றால் தொகுதி நிர்வாகத்தின் விதியும் சேரும். சில தொகுதிகள் நாயைத் தரையில் நடக்க விடாமல் தள்ளுவண்டியிலோ பையிலோ கொண்டுவரச் சொல்கின்றன. எங்கே போனாலும் மின்படியில் நாயை ஏற்றாதீர்கள். படி உள்ளே போகும் இடத்தில் இருக்கும் பற்களில் நகமும் ரோமமும் மாட்டிக்கொள்ளும். மின்தூக்கிதான் வழி.

"நாய்க்கு அனுமதி உண்டு" என்று இணையத்தில் சுற்றும் பட்டியல்கள் சீக்கிரம் பழசாகிவிடும். கடைக்கே அழைத்துக் கேளுங்கள். "நாய் வரலாமா?" என்று மட்டும் கேட்டால் "வரலாம்" என்பார்கள், அவ்வளவுதான். "எந்த மேசை? மழை வந்தா எங்க உட்காரணும்?" என்று கேளுங்கள். நம் ஊரில் மாலை மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. சாரல் அடித்ததும் வெளியே இருந்த அத்தனை பேரும் அஞ்சடிக்கு, அதாவது கடை வாசலை ஒட்டிய கூரையுள்ள நடைபாதைக்கு, ஒதுங்குவார்கள். உள்ளே போக முடியாத நாய் அங்கே இருபது கால்களுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும். கூரை உள்ள மூலை மேசை கிடைக்காவிட்டால் மேகம் கறுக்கும்போதே காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் வழிகாட்டி நாய் தவிர வேறு நாய்க்கு இடமில்லை. நடந்து போகும் தூரத்தில் உள்ள கடை, சொந்தக் கார், அல்லது செல்லப்பிராணியை ஏற்றும் வாடகைக் கார் சேவை, இவ்வளவுதான் வழி. நாய்க்கு உரிமமும் மைக்ரோசிப்பும் இருக்க வேண்டும். கருத்தடை செய்த நாய்க்கு ஆண்டு உரிமக் கட்டணம் 15 வெள்ளி, செய்யாததற்கு 90 வெள்ளி.

வழிகாட்டி நாயின் கதையே வேறு. பார்வையற்றவரோடு சேணம் பூட்டி வரும் நாய் அவருடைய கண். உணவகத்தின் உள்ளேயும் அது வரலாம். ஹலால் உணவகங்களும் அதை அனுமதிக்கலாம் என்றே சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ் சொல்லியிருக்கிறது. மேலே சொன்ன எந்தத் தடையையும் ஊழியர்கள் அந்த நாய்க்குப் பொருத்தக் கூடாது. தடவிக் கொடுப்பது, பெயர் சொல்லி அழைப்பது, தின்பண்டம் நீட்டுவது எதுவும் வேண்டாம், அது வேலையில் இருக்கிறது. சுவரோரம் உள்ள மேசையைக் காட்டுங்கள். மேசை எங்கே இருக்கிறது என்பதை அந்த மனிதரிடம் சொல்லுங்கள், நாயிடம் அல்ல.

இனி பாய்ப் பயிற்சி. நாயை வெளியே கூட்டிப் போக நினைப்பவர் வேறெதைக் கற்றுக்கொடுக்காவிட்டாலும் இதைக் கற்றுக்கொடுக்க வேண்டும். பத்துக் கிலோ நாய்க்கு 60 செ.மீ. அகலமும் 90 செ.மீ. நீளமும் உள்ள பாய் போதும். பழைய யோகா பாயை வெட்டினால் வழுக்காது, சுருட்டிப் பையிலும் வைக்கலாம். வீட்டில் விரியுங்கள். நாய் அதில் கால் வைத்ததும் பட்டாணி அளவு தின்பண்டம் ஒன்று. படுத்ததும் இன்னொன்று. அதை வாய்க்கு நேரே நீட்டாமல் இரண்டு முன்னங்கால்களுக்கு நடுவே பாயின்மேல் வையுங்கள். மேலே நீட்டினால் எட்டிப் பிடிக்க எழுந்து நிற்கும், நாம் கற்றுக்கொடுத்தது எழுந்து நிற்பதாகிவிடும். முதலில் மூன்று வினாடிக்கு ஒன்று, பிறகு பத்து, முப்பது, ஒரு நிமிடம் என்று இடைவெளியை நீட்டுங்கள். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு இரண்டு தடவை.

வீட்டில் பத்து நிமிடம் படுத்தால் அடுத்தது, நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடும்போது படுக்க வேண்டும். பிறகு தட்டும் கரண்டியும் சத்தம் போடும்போது. பிறகு அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், பிள்ளைகள் சைக்கிள் விட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில். அதிலும் தேறினால் வார நாளில் மாலை மூன்று மணிக்கு, கூட்டமில்லாத கஃபேக்கு, ஒரு தே குடித்து முடிக்கும் நேரம் மட்டும். நாய் அமைதியாகப் படுத்திருக்கும்போதே எழுந்துவிடுங்கள். முனகத் தொடங்கியபின் கிளம்பினால், முனகினால் வீட்டுக்குப் போகலாம் என்று அது கணக்குப் போட்டுக்கொள்ளும். பெரும்பாலானோர் இந்தப் படியில்தான் சறுக்குகிறார்கள்: வீட்டில் இரண்டு நாள் படுத்ததைப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலைக் கூட்டத்துக்குள் நேராகக் கூட்டிப் போய்விடுகிறார்கள்.

எல்லா நாய்க்கும் இது ஒத்துவராது என்பதையும் சொல்லியாக வேண்டும். தெருவில் பிறந்து பிறகு வீட்டுக்கு வந்த 'சிங்கப்பூர் ஸ்பெஷல்' பலவற்றுக்கு அந்நியர் கூட்டம் தண்டனை. உதட்டை அடிக்கடி நக்குவது, தூக்கமில்லாத கொட்டாவி, வாலைக் கால்களுக்கு இடையில் செருகுவது, தலையைத் திருப்பாமல் ஓரக்கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, இவையெல்லாம் "போதும், போகலாம்" என்ற பேச்சு. கடைசியில் வருவதுதான் உறுமல். உறுமியதற்குத் திட்டினால் அடுத்த முறை அது உறுமாமல் நேரே கடிக்கும். அப்படிப்பட்ட நாய்க்குப் பூங்காவில் நீண்ட நடை போதும், கஃபே நம்முடைய ஆசைதான்.

கிளம்புமுன் இருபது நிமிடம் நடத்தி, சிறுநீரும் மலமும் கழிக்க விடுங்கள். புறங்கையைத் தரையில் ஏழு வினாடி வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது. பக், ஃபிரெஞ்சு புல்டாக், ஷிட்சு போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இங்குள்ள ஈரப்பதம் பெரிய எதிரி. மூச்சிரைத்துத்தான் நாய் உடம்பைக் குளிர்விக்கிறது, காற்றே ஈரமாக இருக்கும்போது அது சரியாக வேலை செய்வதில்லை. நாக்கு அகன்று கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாக வழிந்தால் உடனே நிழலுக்குத் தூக்கிப் போய், வயிற்றிலும் பாதங்களிலும் குழாய்த் தண்ணீரை ஊற்றி, விசிறிக் காற்றில் வைத்துவிட்டுப் பிறகு மருத்துவரிடம் ஓடுங்கள்.

மேசைக்கு வந்தாயிற்று. வார் 1.2 மீட்டர், நீளம் மாறாத சாதாரண வார். இழுக்க இழுக்க நீளும் வகை கடைக்கு ஆகாது. பிளாஸ்டிக் நாற்காலியில் வாரைக் கட்டவே கட்டாதீர்கள். எதிரே ஒரு பூனை போகும், நாய் இரண்டடி பாயும், நாற்காலி தடாலென்று விழும். அந்தச் சத்தத்துக்குப் பயந்து நாய் ஓடும். ஓட ஓட நாற்காலி பின்னாலேயே துரத்தும். சாலை வரை அது நிற்காது. வாரின் கைப்பிடியை உங்கள் தொடைக்கு அடியில் போட்டு உட்காருங்கள். நாய் வசதியாகப் படுக்கும் அளவுக்கு அரை மீட்டர் விட்டு, மீதியை ஒரு காலால் மிதித்துக்கொள்ளுங்கள். அது எழுந்து நிற்கலாம், பக்கத்து மேசைக்குப் போக முடியாது.

நாற்காலியில் ஏற்றுவதும் கடைத் தட்டில் ஊட்டுவதும் அடுத்தவர் முகம் சுளிக்கும் முதல் இரண்டு காரணங்கள். சிங்கப்பூர் முஸ்லிம்களில் பெரும்பாலோர் இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஒன்றான ஷாஃபி வழியைப் பின்பற்றுகிறவர்கள். அதன்படி நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரில். நாய் ஆசையாக ஒருவர் கையை நக்கியது நமக்குச் சின்ன விஷயம், அவருக்கு அன்றைக்குத் தொழுகைக்குமுன் ஒரு வேலை. கோயிலுக்குப் பூ வாங்கிக்கொண்டு வருகிறவர்களுக்கும் ஒரு தயக்கம் இருக்கும். பயம் மட்டுமே காரணமாக இருப்பவர்களும் உண்டு. யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை, தள்ளி உட்கார வேண்டியது நாம்தான்.

நம் சாப்பாட்டில் நாய்க்கு ஆபத்து அதிகம். உளுந்து வடையிலும் சாம்பாரிலும் இருக்கும் வெங்காயம் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், அறிகுறி தெரிய சில நாள்கூட ஆகலாம். கேசரியிலும் பாயசத்திலும் இருக்கும் காய்ந்த திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். பிரியாணியில் வெந்த கோழி எலும்பு ஊசிபோல் பிளந்து தொண்டையில் குத்தும். சாக்லேட்டும், சர்க்கரைக்குப் பதிலாக சைலிட்டால் போட்ட சூயிங்கமும் இதே வரிசைதான். உட்காருமுன் மேசைக்கு அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள். முந்தைய வாடிக்கையாளர் போட்ட எலும்பு பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.

கடைக்காரர் பக்கம் வருவோம். வெளியே ஆறு மேசை இருந்தால் இரண்டை மட்டும் நாயோடு வருபவர்களுக்கு ஒதுக்குங்கள், அதுவும் கதவிலிருந்து தள்ளி. கதவருகே வைத்தால் சூடான காப்பித் தட்டோடு வரும் ஊழியர் ஒவ்வொரு தடவையும் வாரைத் தாண்ட வேண்டும். நாய் பிடிக்காதவரும் அதைக் கடந்துதான் உள்ளே போக வேண்டியிருக்கும். அந்த இரண்டு மேசைக்கும் இடையில் எவ்வளவு தூரம்? 1.2 மீட்டர் வார், அதற்கு மேல் கழுத்தும் மூக்கும் எட்டும் 30 செ.மீ., ஆக ஒன்றரை மீட்டர். இரண்டு பக்கமும் சேர்த்து மூன்று மீட்டர். அவ்வளவு இடம் இல்லாவிட்டால் ஒரு மேசைதான். அஞ்சடியில் நடப்பவர்களுக்கு வழியும் விட வேண்டும். விசிறி நாய் இருக்கும் பக்கத்திலிருந்து மற்ற மேசைகளை நோக்கி வீசினால் ரோமம் தட்டில் போய் விழும், திசையை மாற்றிவையுங்கள்.

மளிகைக் கடைக்காரர்கள் வேண்டாம் என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது. அரிசி மூட்டையும் பருப்பு மூட்டையும் தரையோடு நிற்கும் இடத்தில் ஆண் நாய் காலைத் தூக்க ஒரு வினாடி போதும்.

பலகையில் "நாய்கள் வரவேற்கப்படுகின்றன" என்று மட்டும் எழுதினால் வம்பு. என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள்: "வெளி மேசை 5, 6 மட்டும். வார் குட்டையாக இருக்கட்டும். நாற்காலியில் ஏற்ற வேண்டாம். எங்கள் தட்டில் ஊட்ட வேண்டாம்." குரைத்துக்கொண்டே இருந்தால் ஊழியர் என்ன சொல்வது என்பதையும் முன்கூட்டியே பழக்குங்கள். "நாயை அடக்குங்க" என்றால் சண்டை. "அக்கா, ஒரு சுத்து நடந்துட்டு வந்துடுறீங்களா? காப்பி ஆறாம மூடி வைக்கிறேன்" என்றால் எழுந்து போவார், நாயும் அடங்கித் திரும்பும். திரும்பியும் குரைத்தால் காப்பியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடலாம்.

துப்புரவுக்குத் தனி வாளி ஒன்று: கையுறை, காகிதத் துண்டு, நெகிழிப்பை, செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் நொதித் தெளிப்பான். சிறுநீரை முதலில் காகிதத்தால் ஒற்றி எடுங்கள். மாப்பால் இழுத்தால் தரை முழுக்கப் பரவும், சமையலறை மாப்பை அங்கே கொண்டுவரவும் கூடாது. பிறகு தெளித்து, பத்து நிமிடம் விட்டுத் துடையுங்கள். வாடை மிச்சமிருந்தால் அடுத்த நாயும் அதே இடத்தில் போகும். சிறுநீரின்மேல் பிளீச் ஊற்றாதீர்கள். சிறுநீரிலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்து தொண்டையை எரிக்கும் வாயு கிளம்பும். நாய்ப் பாத்திரத்தைத் தொட்ட கை, சோப்புப் போட்டுக் கழுவாமல் உணவைத் தொடக் கூடாது.

நாய் யாரையாவது கடித்துவிட்டால் காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி மருத்துவரிடம் அனுப்புங்கள், நாய்க்காரரின் எண்ணை வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் 1953 முதல் வெறிநாய்க்கடி நோய் இல்லை. ஆனாலும் பல் ஆழமாக இறங்கிய காயம் சீழ் பிடிக்கும், டெட்டனஸ் ஊசியும் தேவைப்படலாம்.

நாய்க்குத் தண்ணீர் வைப்பதானால் எஃகுக் கிண்ணம். ஒரு நாய் குடித்ததும் கழுவி, அடுத்ததற்குப் புதுத் தண்ணீர். இருமலும் வயிற்றுப்போக்கும் கிண்ணம் வழியாகவும் பரவும். இரவு கடை சாத்தும்போது அந்தக் கிண்ணத்தைக் கவிழ்த்து வையுங்கள். இருபது காசு அளவு தண்ணீர் தேங்கினாலே ஏடிஸ் கொசு முட்டையிடும், ஒரு வாரத்தில் அது பறக்கத் தொடங்கிவிடும்.