கட்டபொம்மனுக்கு உடை எடுக்கப் போகுமுன்

ஆண்டு விழாவில் கட்டபொம்மன் நாடகம் என்று முடிவானதும் பல பள்ளிகளில் முதலில் ஓடுவது வாடகைக் கடைக்குத்தான். வெல்வெட், ஜிகினா, அட்டைக் கிரீடம் என்று ஒரு 'ராஜா செட்' வந்து இறங்கும். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. அது பெரியவர் அளவுக்குத் தைத்தது. பத்தாம் வகுப்புப் பையன் போட்டால் தோள் தொங்கும், தலையைத் திருப்பினால் கிரீடம் கண்ணை மறைக்கும். முதலில் அளவெடுங்கள். நிற்கவைத்து மட்டுமல்ல, கையைத் தூக்கச் சொல்லியும் உட்காரச் சொல்லியும் பாருங்கள். பாளையக்காரருக்குக் கிரீடத்தைவிடத் தலைப்பாகை பொருத்தம், செலவும் குறைவு.

ஊமைத்துரை, வெள்ளையத்தேவன், தளபதிகள் எல்லோருக்கும் ஒரே ஜிகினா போட்டால், கடைசி வரிசையில் இருக்கும் பெற்றோருக்கு யார் யாரென்றே தெரியாது. அங்கிருந்து பார்த்தால் சரிகை வேலைப்பாடு தெரியாது, நிறம்தான் தெரியும். ஆளுக்கொரு நிறத் தலைப்பாகை கொடுத்தாலே போதும். பின்திரை நீலம் என்றால் நாயகனுக்கு நீலம் வேண்டாம், திரையோடு கரைந்துவிடுவான்.

வெள்ளைக்காரப் படைக்கு என்.சி.சி. மாணவர்களின் காக்கியை மாட்டிவிடுவது இன்னொரு வழக்கம். கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டது 1799-இல். காக்கி ராணுவத்துக்கு வந்தது 1840-களின் பிற்பகுதியில்தான். கம்பெனிச் சிப்பாய் என்றால் சிவப்புக் கோட்டு. கோட்டு தைக்க முடியாவிட்டால் முழுக்கைச் சிவப்புச் சட்டை மேல் மார்பின் குறுக்கே இரண்டு வெள்ளைப் பட்டைகளைத் தைத்துவிடுங்கள், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி வேட்டி. வாள் சண்டையில் வேட்டி அவிழ்ந்தால் அந்தப் பையன் அடுத்த வருஷம் மேடைப் பக்கமே வரமாட்டான். ஊக்கு குத்திச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். கீழே விழும் காட்சியில் ஊக்கு திறந்து இடுப்பில் ஏறும். பஞ்சகச்சத்தை மடிப்போடு தைத்து, இடுப்பில் எலாஸ்டிக்கும் நாடாவும் வைத்துவிடுங்கள். உள்ளே இறுக்கமான அரை டிரவுசர் கட்டாயம். கீழ்ப்பக்கம் கணுக்காலுக்கு மேல் நிற்கட்டும். இல்லாவிட்டால் பாய்ந்து வரும்போது தானே மிதித்து விழுவான்.

இதெல்லாம் விழாவன்று காலையில் தெரிந்து பயனில்லை. ஒரு வாரம் முன்பே முழு உடையில், சண்டைக் காட்சியோடு ஒத்திகை பாருங்கள். மைக்கையும் மாட்டுங்கள். ஜிகினாவில் காலர் மைக் உரசினால் வசனத்துக்குப் பதிலாகக் கரகர சத்தம்தான் கேட்கும். மைக் இருக்கும் இடத்தில் பருத்தித் துணியை வைத்துத் தைத்தால் சரியாகிவிடும்.

அப்புறம் மீசை. ஒட்டுமீசை வேண்டாம், ஐப்ரோ பென்சிலால் வரைந்துவிடுங்கள். விளக்குச் சூட்டில் வியர்த்து, துரையை அதட்டும் நேரத்தில் பாதி மீசை உதட்டில் தொங்கினால் அரங்கமே சிரித்துவிடும்.