பிக்கப்புக்கு அடியில பிளேட் போடும்போது நிறைய பேர் பண்ற தப்புங்க

ஆஃப்ரோடு போகணும்னு பிக்கப் எடுத்ததும் முக்கால்வாசி பேர் முதல்ல வாங்குறது முன் பம்பருக்குக் கீழ பளபளன்னு தெரியுற ஸ்கிட் பிளேட்தான், அதாவது பாறை இடிச்சா வண்டியோட அடிபாகத்தைக் காப்பாத்துற தகடு. நானும் அதைத்தான் வாங்கினேன். மூணாவது ட்ரிப்புல படிக்கட்டு மாதிரி பாறை இறக்கம், முன் சக்கரம் ரெண்டும் மெதுவா இறங்கிருச்சு, முன் பிளேட்ல ஒரு கீறல்கூட இல்ல, அப்புறம் என் சீட்டுக்கு நேர் கீழ டொக்குன்னு ஒரு சத்தம். இறங்கிக் குனிஞ்சு பாத்தா, கியர்பாக்ஸ்லருந்து வர்ற சக்தியை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரிச்சுக் கொடுக்கற ட்ரான்ஸ்ஃபர் கேஸ் அடியில தலைமுடி கனத்துக்கு ஒரு வெடிப்பு, அதுலருந்து ஆயில் சொட்டு சொட்டா பாறை மேல விழுந்துட்டு இருக்கு. அன்னைக்கு என் வண்டி இன்னொரு வண்டி மேல ஏறித்தான் வீட்டுக்கு வந்துச்சு.

அதனால இதை எழுதுறேன். பிளேட் போடுறது தப்பே இல்ல, எந்த வரிசையில போடுறோம்ங்கறதுலதான் காசெல்லாம் வீணாப் போகுது.

முதல் தப்பு, மத்த வண்டிக்காரங்க போட்ட வரிசையை அப்படியே காப்பி அடிக்கிறது. குட்டி வண்டிக்குச் சொன்ன அட்வைஸ் பிக்கப்புக்கு ஒத்து வராது. சுசுகி ஜிம்னி மூணு டோர் வண்டியோட வீல்பேஸ் 2250 மில்லிமீட்டர், டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கேப்ல அது 3085. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல 80 சென்டிமீட்டருக்கு மேல கூடுதல் வயிறு இருக்கு, ஒரு மேட்டோட உச்சியைத் தாண்டும்போது முதல்ல தட்டுறது அந்த வயிறுதான். அதோட மூக்குப் பக்கம் நம்ம கண்ணுக்கு முன்னாடி இருக்கு, பாறை வருதுன்னா பிரேக் போடுறோம், ஸ்டியரிங் திருப்புறோம். நடுப்பகுதி எது மேல போகுதுன்னு டிரைவர் சீட்ல இருந்து தெரியவே தெரியாது. பிக்கப்ல கியர்பாக்ஸ், ட்ரான்ஸ்ஃபர் கேஸ், பெட்ரோலோ டீசலோ அந்த டேங்க், அப்புறம் கதவுக்குக் கீழ இருக்கற சில், எல்லாமே அந்தத் தெரியாத ஏரியாவுலதான் இருக்கு.

அடுத்த தப்பு, வண்டிக்கு அடியில படுத்தே பாக்காம ஆர்டர் போடுறது. ஒரு பாயை விரிச்சு, கையில டார்ச் எடுத்துட்டு, முன்னாடி இருந்து பின்னாடி வரைக்கும் ஒரு அரை மணி நேரம் நிதானமா பாருங்க, உங்க வண்டி எங்கெங்க தட்டுதுன்னு அதுவே சொல்லிரும். பழைய கீறல்ல துரு ஏறி பழுப்பா இருக்கும், புதுசுன்னா உலோகம் மின்னும். கியர்பாக்ஸ் தாங்குற குறுக்குச் சட்டத்தோட கீழ் விளிம்பு நசுங்கி மடிஞ்சிருந்தா அங்கதான் உங்க வண்டி உக்காருதுன்னு அர்த்தம். சந்தேகம் இருந்தா ஒரு விலை குறைஞ்ச வெள்ளை ஸ்ப்ரே பெயிண்ட் வாங்கி, சைலன்சர் பைப்பும் பிரேக் சாமானும் ரப்பரும் தவிர, தாழ்வா தொங்குற இடத்துல எல்லாம் லேசா அடிச்சுட்டு வழக்கமா போற பாதையில ரெண்டு தடவை போயிட்டு வாங்க, எங்க வெள்ளை தேஞ்சு போயிருக்கோ அதான் உங்க லிஸ்ட். மணல்லயும் சேத்துலயும் மட்டுமே ஓட்டுறவங்களுக்கு இப்படிப் பாத்தா தேய்மானமே பெருசா இருக்காது, அவங்க அந்தக் காசை நல்ல டயருக்கும், சேசிஸோட உறுதியா மாட்டின ரெக்கவரி ஹூக்குக்கும் போடுறதுதான் சரி.

அந்த லிஸ்ட்டை வச்சுக்கிட்டு ஒவ்வொரு இடத்துக்கும் ஒரே கேள்வி கேளுங்க, இது உடைஞ்சா வண்டி தானா ஓடி வீட்டுக்கு வருமா? இந்தக் கேள்வியிலதான் சம்ப், அதாவது எஞ்சினுக்கு அடியில ஆயில் நிக்கற தொட்டி, லிஸ்ட்ல முதல் இடத்துக்கு வந்துருது. அலுமினியத்துல வார்த்த சம்ப்னா அடிபட்டா வெடிக்கும், தகடுன்னா உள்ள நசுங்கும். நசுங்கினா ஆயில் ஒழுகலையே, பரவாயில்லன்னு நெறைய பேர் அப்படியே ஓட்டுறாங்க, அது ரொம்ப ஆபத்து. சம்ப் உள்ள ஆயிலை உறிஞ்சுற குழாயோட வாய் அடித்தட்டுக்கு ரொம்பக் கிட்டத்துல இருக்கும், தகடு மேல எழும்பி அந்த வாயை அடைச்சா பம்புக்கு ஆயில் போகாது, வெளிய ஒரு சொட்டுகூட சிந்தாமலே பேரிங் எல்லாம் போயிரும். ஆயில் பிரஷர் லைட் எரிஞ்சா அந்த நொடியே எஞ்சினை ஆஃப் பண்ணிருங்க, ஓரமா நிறுத்திட்டு பாத்துக்கலாம்னு நினைக்காதீங்க.

கம்பெனியே கொடுத்த கவர் இருக்கேன்னு சிலர் நிம்மதியா இருப்பாங்க. அதைத் தட்டிப் பாருங்க, நெறைய வண்டியில அது பிளாஸ்டிக், இல்லன்னா மெல்லிய தகடு, தண்ணியும் கல்லும் தெறிக்காம இருக்கத்தான் அது. ரெண்டு டன் வண்டி பாறை மேல உக்காந்தா தாங்குறதுக்கு இல்ல. எனவே சம்ப், அதையடுத்து கியர்பாக்ஸ், ட்ரான்ஸ்ஃபர் கேஸ், இந்த மூணும் ஒரே தொடர்ச்சியா மூடுற மாதிரி வாங்குறது நல்லது, ஏன்னா ரெண்டு பிளேட்டுக்கு நடுவுல இடைவெளி இருந்தா கல்லு சரியா அந்த விளிம்புல போய் மாட்டிக்கும். ஆட்டோமேட்டிக் வண்டின்னா கியர்பாக்ஸ் அடியில ஆயில் நிக்கற பேன் (தட்டு) இன்னும் மெலிசு, அதுல ஆயில் போச்சுன்னா வண்டி நகராது.

பின் சக்கரம் ரெண்டுக்கும் சக்தியைப் பிரிச்சுக் கொடுக்கற பின் டிஃபரன்ஷியலுக்குத்தான் அடுத்து காசு போடுவாங்க, வண்டியிலேயே தாழ்வா தொங்குற உருண்டை அதுதானேன்னு. தாழ்வுதான், ஆனா பிக்கப்ல பின்னாடி இருக்கற ஆக்சில் ஹவுசிங் கனமான இரும்பு, சின்னச் சின்ன அடியைத் தாங்கிரும். பின் கவர் மெல்லிய தகடா இருந்தா மட்டும் அதைப் பத்தி யோசிங்க. அதை விட சீக்கிரம் அடிபடுறது பக்கத்துல இருக்கற ஷாக் அப்சார்பரோட கீழ் மவுண்ட், சின்ன சாமான், யாரும் கண்டுக்க மாட்டாங்க. அப்புறம் சஸ்பென்ஷனை உயர்த்துற லிஃப்ட் கிட் போட்டா பின் டிஃப்பும் (டிஃபரன்ஷியல்) மேல ஏறிரும்னு நம்புறது ஒரு பெரிய தப்பு. லிஃப்ட் சேசிஸைத்தான் தூக்கும், ஆக்சில் டயரோட சேந்து கீழயேதான் இருக்கும். டயர் விட்டம் 2 இன்ச் கூடினா டிஃப்புக்குக் கீழ 1 இன்ச் கிடைக்கும், வேற சுலபமான வழி கிடையாது.

ஸ்லைடர், அதாவது சில்லைக் காப்பாத்த வண்டியோட ரெண்டு பக்கமும் மாட்டுற குழாய், அதைப் பத்திக் கொஞ்சம் விரிவா சொல்லணும். பாறைப் பாதையில போறவங்களுக்கு ட்ரான்ஸ்ஃபர் கேஸ் பிளேட்டுக்கு அப்புறம் நான் போடச் சொல்றது இதைத்தான். கதவுக்குக் கீழ இருக்கற சில் நசுங்கினா வண்டி ஓடும், ஆனா கதவு திறக்காது, மூடாது, அதைச் சரி பண்றது போல்ட் கழட்டி மாட்டுற வேலை இல்ல, வெட்டி வெல்டு வைக்கற வேலை. இங்க நடக்கற தப்பு, ஏறி இறங்க வச்ச கால் படியையே ஸ்லைடர்னு நெனைச்சுக்கறது. கால் படி ஒரு ஆளோட எடையைத் தாங்கும், பாறை மேல வச்சா மடிஞ்சு சில்லையும் சேத்துக் குத்திரும். ஸ்லைடர்னா தடிமனான குழாய், சேசிஸ் சட்டத்தோட பிடிச்சிருக்கணும், பாடியோட இல்ல. கடையில சந்தேகமா இருந்தா, இதுக்குக் கீழ ஜாக்கி வச்சு வண்டியோட ஒரு பக்கத்தையே தூக்கலாமான்னு நேரடியா கேளுங்க, தயங்கினாங்கன்னா வாங்காதீங்க.

தடிமன் விஷயத்துல கண்ணை மூடிட்டு அதிகமா போறதும் தப்புதான். ஒரு மீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலம் இருக்கற பிளேட்டை எடுத்துக்குங்க, 4 மில்லி இரும்புன்னா கிட்டத்தட்ட 19 கிலோ, 6 மில்லி அலுமினியம்னா 10 கிலோகூட வராது. இந்த மாதிரி நாலு பிளேட், கூடவே ஸ்லைடர் ஜோடி, எல்லாம் இரும்புல போட்டா நூறு கிலோவைத் தாண்டிரும், அது அத்தனையும் நீங்க ஏத்துற லோடுலருந்து கழியும், முன் ஸ்ப்ரிங் இறங்கி எந்த உயரத்துக்காக இவ்வளவு பண்றோமோ அந்த உயரமே குறைஞ்சிரும். அப்ப எல்லாம் அலுமினியமா போட்டுருவோம்னா அதுவும் இல்ல. இரும்பு பாறை மேல வழுக்கிட்டுப் போகும், அலுமினியம் மிருதுவானது, கூரான பாறை அதைச் செதுக்கிக் கொக்கி போட்ட மாதிரி பிடிச்சுக்கும். அடிக்கடி பாறையில உக்கார்ற நடுப்பகுதிக்கு இரும்பு, எப்பவாவது தட்டுற முன் பக்கத்துக்கு அலுமினியம், என் வண்டியில இப்ப இப்படித்தான் இருக்கு, நல்லா ஒத்துப் போகுது.

தடிமனை விட முக்கியம் பிளேட் எதுல மாட்டியிருக்குங்கறது. வீட்லயே ஒரு டெஸ்ட் பண்ணலாம், சமதளத்துல வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, டயருக்குக் கட்டை வச்சுட்டு, தள்ளுற ஜாக்கி மேல ஒரு மரக்கட்டை வச்சு பிளேட்டோட நடுவுல கொடுத்து மெல்ல ஏத்துங்க, வண்டிக்கு அடியில கையையோ தலையையோ விடாதீங்க, பக்கவாட்டுல இருந்து டார்ச் அடிச்சுப் பாருங்க. பிளேட் வளைஞ்சு சம்ப்பைத் தொடப் போகுதுன்னா அந்தப் பிளேட் பாறையோட அடியை அப்படியே சம்ப்புக்குக் கடத்தும், போட்டும் பிரயோஜனம் இல்ல. வளைஞ்ச பிறகும் ஒரு விரல் இடைவெளி மிச்சம் இருக்கணும்.

எல்லாத்தையும் ஒரே அடியா மூடிட்டா பிளேட்டுக்கு மேல சேறும் காஞ்ச புல்லும் சேந்துக்கும். சேறு காயாம ஈரமாவே இருந்து சேசிஸ்ல துரு பிடிக்கும். புல்லு இன்னும் மோசம், டீசல் வண்டியில டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கற ஃபில்டர்) தன்னைச் சுத்தம் பண்ணிக்கற நேரத்துல உள்ள சூடு 600 டிகிரி செல்சியஸ் கிட்ட போகும், பக்கத்துல காஞ்ச புல் அடைஞ்சிருந்தா தீப்பிடிக்கும். அதனால சைலன்சர் பக்கம் திறந்தே இருக்கட்டும், பிளேட்ல தண்ணி பாய்ச்சிக் கழுவ ஓட்டை இருக்கான்னு பாருங்க, ஆயில் மாத்த ட்ரெயின் போல்ட்டுக்கு நேரா ஒரு ஓட்டையும் இருக்கணும், இல்லன்னா ஒவ்வொரு சர்வீசுக்கும் மெக்கானிக் பிளேட்டைக் கழட்டணும், ரெண்டு தடவைக்கு அப்புறம் சரியா மாட்டாம விட்டுருவாங்க.

ஏற்கனவே துரு இருக்கற சேசிஸ் மேல கருப்பா ரப்பர் கோட்டிங் அடிக்கறதையும் தயவு செஞ்சு பண்ணாதீங்க, ஈரம் உள்ளயே மாட்டிக்கிட்டு கண்ணுக்குத் தெரியாம அரிக்கும். துருவைச் சுரண்டி, காயவச்சு, அப்புறம் அடிங்க.

பிளேட்டுக்கு முன்னாடி பண்ண வேண்டிய சின்ன வேலை ஒண்ணு, டிஃப்போட மூச்சுக் குழாயை ஒரு ஹோஸ் போட்டு உயரத்துக்குக் கொண்டு போறது. சூடா இருக்கற டிஃப் குளிர்ந்த தண்ணியில முங்கினா உள்ள இருக்கற காத்து சுருங்கி தண்ணியை உறிஞ்சும், ஆயில் பால் மாதிரி வெளுத்துப் போகும். இதுக்குச் செலவு ஒரு ஹோஸும் ரெண்டு கிளாம்பும்தான், ஓடையைத் தாண்டுற பாதைன்னா எந்தப் பிளேட்டுக்கும் முன்னாடி இதைப் பண்ணிருங்க.

கடைசியா போல்ட். தலை வெளிய துருத்திட்டு இருந்தா பாறை அதைத் தேச்சு உருண்டையாக்கிரும், அப்புறம் எந்த ஸ்பானரும் பிடிக்காது, கிரைண்டர் வச்சு வெட்டித்தான் எடுக்கணும். பிளேட்ல குழி இருந்து அதுக்குள்ள போல்ட் தலை உக்கார்ற மாதிரி பாத்து வாங்குங்க, மரை இறுகிப் பிடிச்சுக்காம இருக்க ஆன்ட்டி சீஸ் பேஸ்ட் தடவுங்க, அது தடவின மரைக்கு டார்க் (முறுக்குற விசை) கொஞ்சம் குறைவாத்தான் வைக்கணும். டைட் பண்ணின பிறகு போல்ட் தலையிலருந்து பிளேட் வரைக்கும் பெயிண்ட் மார்க்கர்ல ஒரு கோடு போட்டு வைங்க, முதல் ட்ரிப் முடிஞ்சு வந்ததும் படுத்துப் பாத்தா எந்தக் கோடு விலகியிருக்கோ அந்தப் போல்ட் லூஸ் ஆகியிருக்கு.