லித்தியம் பேட்டரியை பார்சலில் போடுவதற்கு முன்

பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய லித்தியம் செல்களை அப்படியே ஒரு கவரில் கொட்டி அனுப்பிவிடாதீர்கள், தயவுசெய்து. ஒன்றின் முனை இன்னொன்றின் மேலோ, கூடவே கிடக்கும் சாவி, ஸ்க்ரூ மேலோ பட்டாலே போதும், ஷார்ட் ஆகிச் சூடேறித் தீப்பிடிக்கலாம். ஒவ்வொரு செல்லின் இரண்டு முனையிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, தனித்தனி பிளாஸ்டிக் கவரில் போட்டு, கெட்டியான அட்டைப்பெட்டியில் நகராதபடி வையுங்கள். பெட்டியை மூடிவிட்டு லேசாக ஆட்டிப் பாருங்கள், உள்ளே கடகடவென்று சத்தம் வந்தால் இன்னும் அடைக்க வேண்டும்.

விமானத்தில் போகுமென்றால் விதி இன்னும் கடுமை. தனியாக அனுப்பும் லித்தியம் அயன் பேட்டரியை, அதாவது ஆபத்தான சரக்குகளுக்கான ஐ.நா. எண் வரிசையில் யுஎன் 3480 என்று குறிக்கப்படுவதை, பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றவே கூடாது. சரக்கு விமானத்திலும் சார்ஜ் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கருவிக்குள் பொருத்தியோ அதோடு சேர்த்தோ அனுப்பினால் அது யுஎன் 3481, அதற்கு விதிகள் வேறு. அதனால் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கூரியர் கவுன்டரில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், உப்பிப்போன பேட்டரியை எக்காரணம் கொண்டும் விமானத்தில் அனுப்பக் கூடாது. மின்கழிவு வாங்குபவர்களிடம் நேரில் கொடுத்துவிடுங்கள்.