மெஷ் ஆபரேஷனுக்கு கையெழுத்து போடறதுக்கு முன்னாடி

கர்ப்பப்பை இறங்கிடுச்சு, இல்ல இருமினா தும்மினா யூரின் லீக் ஆகுதுன்னு போனா சில டாக்டர்ஸ் மெஷ் (தாங்கிப் பிடிக்கறதுக்காக உள்ள வைக்கற வலை) வைக்கலாம்னு சொல்லுவாங்க. கன்சென்ட் ஃபார்ம ஆபரேஷன் அன்னைக்கு, ட்ரிப்ஸ் ஏறிட்டு இருக்கும்போது நீட்டினா யாராலயும் யோசிக்க முடியாது, அதனால ஒரு காப்பி முன்னாடியே வாங்கி நிதானமா படிங்க.

முதல்ல எந்த மெஷ், எந்த வழியா வைக்கறாங்கன்னு கேளுங்க. இறக்கத்துக்கு பிறப்புறுப்பு வழியா வைக்கறது, வயித்து வழியா வைக்கறது, யூரின் லீக்குக்கு வைக்கிற ஸ்லிங் (மூத்திரக்குழாய்க்கு அடியில தாங்கற மாதிரி வைக்கற மெஷ் பட்டை), இது மூணும் வேற வேற, ரிஸ்க்கும் வேற. அமெரிக்காவுல மருந்து, மருத்துவக் கருவிகள கண்காணிக்கற எஃப்டிஏ 2019 ஏப்ரல்ல விற்கக்கூடாதுன்னு சொன்னது முதல் வகைய மட்டும்தான், ஆனா இங்கிலாந்துல 2018 ஜூலைல ஸ்லிங்கையும் சேர்த்தே நிறுத்தி வெச்சாங்க. சும்மா "மெஷ்"னு மட்டும் ஃபார்ம்ல இருந்தா எனக்கு அது பத்தாது.

அடுத்தது யாரும் கேட்காத கேள்வி, பிரச்சனை வந்தா இத எடுக்க முடியுமா? பெரும்பாலும் இது பாலிப்ரொப்பிலீன்ங்கற பிளாஸ்டிக் வலை, உள்ளயே நிரந்தரமா இருக்கறதுக்குன்னு வைக்கறது, அதோட ஓட்டைக்குள்ள சதை வளர்ந்து பிடிச்சுக்கும். முழுசா எடுக்க முடியாம போகலாம், ஒன்னுக்கு மேல ஆபரேஷன் ஆகலாம், எடுத்தப்புறமும் வலி நிக்காம இருக்கலாம். "நீங்களே எடுப்பீங்களா, இல்ல யார்கிட்ட அனுப்புவீங்க"ன்னு நேரா கேளுங்க, பதில் சொல்ற விதத்துலயே நிறைய தெரிஞ்சுடும்.

ரிஸ்க்க பொதுவா சொன்னா விடாதீங்க. மெஷ் சதைய அரிச்சு வெளிய தெரியறது, ரத்தக்கசிவு, இன்ஃபெக்ஷன், மூத்திரப்பையோ குடலோ ஓட்டையாகறது, இடுப்பு தொடை வலி, உடலுறவுல வலி (இத கேட்க கூச்சப்பட்டா நஷ்டம் நமக்குதான்), இதுல சிலது வருஷங்கள் கழிச்சும் வரலாம். அவங்க எத்தனை பேருக்கு பண்ணிருக்காங்க, அதுல எத்தனை பேர் பிரச்சனையோட திரும்பி வந்தாங்கன்னும் கேளுங்க.

மெஷ் இல்லாம என்ன வழின்னும் சொல்ல வைங்க: பிசியோ சொல்லித்தர்ற இடுப்புத்தள எக்சர்சைஸ், இறக்கத்துக்கு பிறப்புறுப்புக்குள்ள வெச்சு தாங்கற பெசரி வளையம், சொந்த திசுவ வெச்சே தைக்கறது (இதுல திரும்ப இறங்க சான்ஸ் இருக்கு, அதையும் கேட்டுக்கோங்க), தொந்தரவு கம்மின்னா ஒன்னும் பண்ணாம விடறது.

மெஷ் வேண்டாம்னா ஃபார்ம்லயே அத எழுத சொல்லுங்க, உள்ள போனப்புறம் தேவைப்பட்டா வைப்போம்ங்கற மாதிரி வரி இருந்தா அடிக்க சொல்லுங்க. கையெழுத்து போட்டப்புறமும் மயக்க மருந்து குடுக்கறதுக்கு முன்னாடி வரைக்கும் வேண்டாம்னு சொல்லலாம். வைக்கறதா முடிவு பண்ணினா மெஷ்ஷோட கம்பெனி பேரும் லாட் நம்பரும் (எந்த பேட்ச்ல தயாரிச்சதுங்கற நம்பர்) இருக்கிற ஸ்டிக்கர் ஒன்னு கேட்டு வாங்கி ஃபைல்ல ஒட்டிடுங்க, பின்னாடி வேற டாக்டர்கிட்ட போனா அவங்க அததான் முதல்ல தேடுவாங்க.